கை நீட்டினால் நிற்கும் ரெயில்

அப்பா,

குளிர் தொடங்கிவிட்டதென்று பழைய கோட்டை எடுத்துப் போட்டேன். பைக்குள் கையை விட்டபோது நீங்கள் வாங்கித் தந்த ரெயில் ரிக்கற் தட்டுப்பட்டது. செம்மஞ்சள் கோடு போட்ட சின்ன மட்டை. பாவிக்காதது.

அம்மாவும் நானும் ரொறன்ரோவுக்கு மாமா வீட்டுக்கு வந்தபோது நீங்கள் இங்கிலாந்திலேயே நின்றுவிட்டீர்கள். வடக்கே, நிலக்கரிச் சுரங்கம் மூடிப்போன ஒரு ஊரில், யாரோ ஒருவருடைய கடையில் வேலை. பத்து வருடத்தில் ஒரு தரம்தான் என்னைக் கூப்பிட்டீர்கள். பதினைந்து வயதில் வந்து மூன்று வாரம் நின்றேன்.

ஊர் தொடங்கும் இடத்தில், சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கிய பெரிய இரும்புச் சில்லைப் பாதி புதைத்துச் சிவப்புச் சாயம் பூசி வைத்திருந்தார்கள். பின்னால் பச்சையாக ஒரு மலை. "உது மலையில்லைப் பிள்ளை. கீழயிருந்து கிண்டி எடுத்த கழிவு. மேல புல்லு முளைச்சிட்டுது" என்றீர்கள். அந்த ஊரில் உங்களுக்குத் தெரியாதது இல்லை. எந்தக் கிழவர் எத்தனை வருடம் சுரங்கத்துக்குள் இறங்கினார், யாருக்கு நெஞ்சில் கரித்தூசி, யாருடைய பேத்தி எந்த வகுப்பு. நான் எந்த வகுப்பென்று இரண்டு தரம் கேட்டீர்கள்.

ஸ்ரேசனில் ஆளில்லை. ஒரு கண்ணாடிக் கொட்டில் மட்டும். கரி ஏற்றப் போட்ட பாதையில் இப்போது இரண்டு பெட்டி ரெயில் ஓடியது. "கை நீட்டினாத்தான் நிப்பாட்டுவான். சும்மா நிண்டா போயிடுவான்" என்று வந்த அன்றே சொன்னீர்கள். "நீ பள்ளிக்கூடத்திலயும் கை தூக்கமாட்டியாம். கொம்மா சொன்னவ."

திரும்பிப் போகும் நாள், "நீ முன்னால போ, பத்து நிமிசத்தில வந்து ஏத்திவிடுறன்" என்றீர்கள். பெட்டியோடு மேடையில் நின்றேன். ரெயில் வளைவில் தெரிந்தது. நீங்கள் வரவில்லை. சாரதி என்னைப் பார்த்து வேகத்தைக்கூடக் குறைத்தார். என் கைகள் இரண்டும் கோட்டுப் பைக்குள் இருந்தன. ரெயில் போய்விட்டது.

பெட்டியை இழுத்துக்கொண்டு கடைக்கு வந்தேன். நீங்கள் ஒரு கிழவரோடு சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தீர்கள். அடுத்த ரெயிலுக்கு நின்றால் பிளேனைப் பிடிக்க முடியாது. கடையின் வான் வண்டியில் ஏற்றிப் போனீர்கள். "ஒரு கையை நீட்டத் தெரியாதா உனக்கு?" என்று ஒரு தரம் கத்தினீர்கள். பிறகு எயார்போர்ட் வரைக்கும் ரேடியோதான் கதைத்தது.

அடுத்த மாரிக் குளிரில் நீங்கள் செத்துப்போனீர்கள். செத்தவீட்டை மாமா வீட்டு ரீவியில் நேரலையாகப் பார்த்தோம். கடை முதலாளி பேசினார். "மகள் வெக்கத்தில ரெயினை விட்டவ எண்டு அண்ணை சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்." அழுதுகொண்டிருந்தவர்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். "ஓம், அவள் அப்பிடித்தான்" என்றார் அம்மா. கொஞ்ச நாளில் பள்ளிக்கூடத்தை விட்டேன். அதற்கும் வெட்கம்தான் காரணமென்றார்கள். இப்போது இங்கே ரொறன்ரோவில், மில்லிக்கனில் ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் ரோல்ஸ் சுற்றுகிறேன்.

அன்றைக்கு வெட்கமில்லை அப்பா. கை நீட்டியிருந்தால் ரெயில் நின்றிருக்கும், நான் ஏறியிருப்பேன். வருகிறேன் என்று சொன்னீர்கள். நீங்கள் வரும் மட்டும் நின்று பார்க்க நினைத்தேன். ஏன் நீட்டவில்லை என்று நீங்கள் கேட்டதே இல்லை.

ரிக்கற்றை எறியவில்லை. அதே பைக்குள் வைத்து, கைகளையும் உள்ளே விட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கிறேன். இங்கே கை நீட்டத் தேவையில்லை. ஒரு ஆள் காத்து நிற்பதைக் கண்டாலே நிறுத்துகிறார்கள்.