கூழைமுனையில் வெளிப்பட்ட கொம்பு விலங்கு

அலையும் உப்பும் குறையாத மேலைநெய்தல் வேந்தர் மாவண்ணனார் திருமுன், குன்றவூர் அரசி வேண்மாள் கைகூப்பி விடுக்கும் ஓலை. உம் உப்பளங்கள் வெளுக்க விளைக. இதற்கு மேல் வாழ்த்த எமக்கு வாய் வரவில்லை.

போர்யானை விழுந்த இடத்திலேயே அதைப் புதைத்து, அந்தக் குழியையே எல்லையாகக் கொள்வது நம் இரு நாட்டுக்கும் பொது வழக்கம். இந்த மழையில் உம் அளத்தை அடுத்த கூழைமுனைக் கரை இடிந்து, நீண்ட கொம்புகள் இரண்டோடு பெரிய மண்டையோடு ஒன்று வெளிப்பட்டது. எம் மகன் பூதன், படைத்தலைவன், அதைக் கண்டு குதிரையிலிருந்து விழுந்தடித்து இறங்கி அழுதான். அவன் தந்தை யானையோடு மாண்டது அக்கரையில்தான். குழி மட்டும் இதுவரை தெரியவில்லை. அந்த யானையேதான் இது என்று நம்பி, எல்லை இக்குழிதான், அளம் முழுதும் இனி எமது என்று கூவி, உப்பு விளைவிப்போரை எழுந்து போகச் சொன்னான்.

உப்பளத்து வெண்ணி மண்வெட்டியை ஊன்றிச் சிரித்தாளாம். “ஏன் சாமி, உங்க யானை தும்பிக்கையைக் கழட்டி வீட்டுல வச்சிட்டு வந்துச்சா? மண்டையில தும்பிக்கைக்கு ஓட்டையையே காணோம்! கொம்பு ரெண்டும் தாடி மாதிரியில்ல தொங்குது!” என்றாளாம். அளமே சிரித்தது.

சிரித்த வாய்களில் எம் வீரர்களின் வேல் இறங்கியது. வெண்ணியின் கணவனைப் பாத்தியிலேயே மிதித்து உப்புநீரில் மூழ்கடித்தார்கள். வரப்பேறி ஓடிய அவள் தம்பியைப் பூதனே விரட்டிப் பிடித்துத் தோள்முதல் இடுப்புவரை பிளந்தான். வெட்டுக்காயத்தில் உப்பேறி, சாகாதவர்கள் சாவைக் கேட்டுக் கதறினார்கள். வெள்ளைக் குவியல்கள் சிவந்து கரைந்தன.

பிறகு, தந்தையின் யானைக்குப் படையல் இட்டு மூடுவதற்காக, மிச்ச எலும்பைப் பூதன் தன் கையாலேயே தோண்டினான். தூண்போன்ற கால் வரவில்லை. விரல்கள் விரிந்து நீண்ட, துடுப்புபோன்ற கை வந்தது. எலும்பெல்லாம் கல்லாகி, விலாவில் சிப்பிகளும் கல்லாய் ஒட்டிக் கிடந்தன. எவர் பாட்டனும் கண்டிராத, இன்று எந்தக் கடலிலும் இல்லாத, நீந்தித் திரிந்த ஏதோ ஓர் உயிர். அந்தக் கையைப் பிடித்தபடி உட்கார்ந்தவனை வீரர்கள்தாம் தூக்கி வந்தார்கள்.

ஆகவே எம் ஆணை: எம் படை பழைய எல்லைக்குத் திரும்புக. இவ்வோலையை நீட்டி உம்முன் நிற்பவன் பூதனே. வாள் இல்லை, துணை இல்லை. எழுதியது முழுதும் அவன் கேட்டபின்தான் புறப்பட்டான். அவனை, உயிர் தப்பிய வெண்ணியின் முன் நிறுத்துக. அவள் வாய்ச்சொல்லே தீர்ப்பு.

அவள் வெட்டச் சொன்னால், அதற்காக எம் நாட்டில் ஒரு வாளும் உறை நீங்காது. உருவுபவன் தலை எம் முன் உருளும். இது உறுதி.

சங்கு இலச்சினை இட்டவள் வேண்மாள், பூதனைப் பெற்றவள்.