நடுவில் கிடந்த மூன்று மைல்

அக்கா,

இன்று காலை அலுமாரியின் கீழ்த்தட்டைத் துப்புரவாக்கும்போது உங்கள் ஹெட்செட் கையில் பட்டது. காதுப்பஞ்சு இரண்டும் கிழிந்து தொங்குகின்றன. தலையிடி வந்தால் நெற்றிப்பொட்டில் பூசிக்கொள்வீர்களே, அந்தத் தைலம் இன்னும் அதில் மணக்கிறது. மணந்ததும் அழுகை வரும் என்று நினைத்தேன். வந்தது எரிச்சல்தான். இந்தச் சனியனைக் காதில் மாட்டிக்கொண்டு எத்தனை பேரின் உயிரை வாங்கினீர்கள்!

நாம் செய்யும் தொழில் என்னவென்று கண்டிக்குப் பக்கத்தில் பன்விலையில் இருக்கும் என் அம்மாவுக்கு இன்றுவரை என்னால் விளங்கப்படுத்த முடியவில்லை. "கடைங்கிற, ஆனா சாமானே இல்லையே" என்பாள். மடவளையில் வேன் ஓட்டுபவர், கட்டுகஸ்தோட்டையில் விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பவர், ஆஸ்பத்திரிக்குத் துணையாகப் போகும் பெண், உங்களைப் போன்ற மொழிபெயர்ப்பாளர் என்று ஆளுக்கொரு வேலை செய்கிறவர்களை ஓர் இணையத்தளத்தில் ஏற்றினோம். எங்கோ இருக்கும் ஒருவர் அதில் மூன்று வேலைகளைத் தெரிந்தெடுத்து, ஒன்றோடொன்று கோர்த்து, ஒரே சேவையாக வாங்கலாம். அதில் இருக்கும் ஒருவர் இன்னொருவரின் சேவையைத் தன்னுடையதோடு சேர்த்து விற்கவும் செய்யலாம். முகப்பில் நான் ஒரு வரி போட்டிருந்தேன்: "ஒருவரையொருவர் தெரிந்திருக்கத் தேவையில்லை." எனக்கு அந்த வரி உயிர். உங்களுக்கு அதைக் கண்டாலே ஆகாது.

யாழ்ப்பாணத்திலிருந்து கணவரின் இடமாற்றத்தோடு குண்டசாலைக்கு வந்து, பதினைந்து வருடம் பிறப்புச் சான்றிதழும் காணி உறுதியும் மொழிபெயர்த்தவர் நீங்கள். ஒரு சொல் பிழைத்தால் ஒருவரின் காணியே போய்விடும் என்ற பயம் உங்கள் விரல் நுனிவரை இருந்தது. அந்தப் பயத்தை அப்படியே நம் தளத்துக்கும் கொண்டுவந்தீர்கள். சேவை தர வருகிறவர்களிடம் நான் கேட்டது நாலு கேள்வி. நீங்கள் கேட்டது பன்னிரண்டு. என்ன செய்வீர்கள் என்பது போதாது, என்ன செய்யமாட்டீர்கள் என்றும் அவர்கள் சொல்ல வேண்டும். எங்கே தொடங்குவீர்கள், எங்கே நிறுத்துவீர்கள், நீங்கள் நிறுத்தும் இடத்தில் யார் நிற்க வேண்டும். எதிர்முனையில் இருப்பவர் பொறுமையிழந்து "ஓம், ஓம்" என்றால், "சும்மா ஓம் எண்டு சொல்லாதேங்கோ. எதுக்கு ஓம்?" என்பீர்கள். எத்தனை பேர் போனை வைத்துவிட்டுப் போனார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்களைத் திரும்ப அழைத்துச் சமாதானம் சொன்னது நான்தானே.

அந்த நேரத்தில்தான் கொழும்புக் கம்பனி ஒன்று நம்மைக் கவனித்தது. கண்டிப் பகுதிச் சேவைகளை நம்மிடமிருந்து எடுத்துத் தங்கள் தளத்தில் கோர்த்துக்கொள்ளத் தயாராக இருந்தார்கள். ஆனால் பட்டியல் நீளமாக இருக்க வேண்டும், அதுவும் மாதமுடிவுக்குள். நீங்களோ ஒரு நாளைக்கு இரண்டு பேரைத்தான் உள்ளே விட்டீர்கள்.

"அக்கா, இப்படிப் போனா நாம கிழவியாயிருவோம்" என்றேன்.

"ஆகுவம். அவசரப்பட்டு என்ன செய்யப் போறீர்?"

பிறகு ஏதோ விசேஷம் என்று ஒரு கிழமை யாழ்ப்பாணம் போனீர்கள். அந்த ஏழு நாளில் நான் நாற்பது சேவைகளை ஏற்றினேன். பன்னிரண்டு கேள்வியில் மூன்றுதான் கேட்டேன். மடவளையில் வேன் ஓட்டும் முஸ்லிம் அண்ணன், நாம் நானா என்று கூப்பிடுபவர், அவருடைய வேன் அதில் ஒன்று. "பன்வில போவீங்களா நானா?" என்றேன். "போற தானே" என்றார். போதும் என்று பச்சைப் பொத்தானை அழுத்தினேன்.

குவைத்தில் வீட்டு வேலை செய்யும் ஒரு பெண் அதைப் பார்த்தாள். அவளுடைய அப்பா பன்விலைக்கு மேலே தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில், தனியாக இருந்தார். ஒரு கண் ஏற்கெனவே போய்விட்டது, மற்றக் கண்ணுக்கு ஆபரேஷன் செய்யக் கண்டியில் நாள் கிடைத்திருந்தது. அவள் நானாவின் வேனையும், கிளினிக்கில் சிங்களத்தில் பேசிக் கூட நிற்கும் ஒரு பெண்ணையும் கோர்த்து ஒரே சேவையாக வாங்கினாள். நான் கனவு கண்டது அச்சாக அதைத்தான். ஓடரைப் பார்த்ததும் கைதட்டினேன்.

நானாவுக்குப் பன்வில என்றால் பன்வில பஸார். தோட்டத்துப் பாதையில் அந்த வேன் ஏறாது. பஸாரில் அரைமணி நேரம் நின்றிருக்கிறார். லயத்தில் சிக்னல் இல்லை, பெரியவரைப் போனில் பிடிக்க முடியவில்லை. மூன்று மைல் மேலே அவர் சட்டை மாற்றிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். துணைக்கு வந்த பெண் கிளினிக் வாசலில் மதியம்வரை காத்திருந்தாள். நம் திரையில் என்ன காட்டியது தெரியுமா அக்கா? வேன்: முடிந்தது. துணை: முடிந்தது. இரண்டும் பச்சை.

நீங்கள் திரும்பி வந்த அன்று காலையே பெரியவரின் மகள் குவைத்திலிருந்து அழைத்தாள். நீங்கள்தான் எடுத்தீர்கள். அவள் அழுதது ஹெட்செட்டைத் தாண்டி எதிர்க் கதிரையில் இருந்த எனக்குக் கேட்டது. நீங்கள் அவளை முழுதும் அழவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். கடைசியில், "பிழை என்ர, பிள்ளை. நான் கேட்டிருக்கோணும்" என்றீர்கள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தீர்கள். நான் திரையைப் பார்த்தேன்.

அந்த இடத்தில் வாய் திறந்திருக்க வேண்டியவள் நான். திறக்கவில்லை. அதற்குப் பதிலாக நானாவைப் பிடித்துக் கத்தினேன்.

"நான் பன்வில வந்த தானே தங்கச்சி," என்றார் அவர். "ஆளக் காணல்ல. நான் என்ன செய்ற?"

அவர் சொன்னது பொய்யில்லை. துணைக்கு வந்த பெண்ணும் பொய் சொல்லவில்லை. நீங்கள்தான் கேட்டீர்கள்: "ரெண்டு பேரும் தங்கட வேலையைச் செய்துபோட்டினம். நடுவில கிடக்கிற அந்த மூண்டு மைல் ஆற்றை?"

யாருடையது என்று என்னிடம் பதில் இருந்தது. சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நீங்கள் செய்ததை நினைத்தால் இன்றும் தலை கொதிக்கிறது. தளத்தையே மூடினீர்கள். மூன்று கிழமை! ஒவ்வொருவரையும் திரும்ப அழைத்துப் பன்னிரண்டு கேள்வியும் கேட்டீர்கள்.

"ஒரு வேன் பிழைச்சதுக்கு எல்லாத்தையும் மூடணுமாக்கா? கொழும்பு ஆளுங்க போயிருவாங்க!"

"போகட்டும்."

போனார்கள். நீங்களோ பஸ் ஏறிப் பன்விலைக்குப் போய், லயத்திலிருந்து பஸார்வரை அந்தப் பெரியவரோடு நடந்தே இறங்கி, கணுக்காலில் அட்டைக்கடி இரத்தத்தோடு திரும்பி வந்தீர்கள். தோட்டத்துக்குள் த்ரீவீலர் ஓட்டும் ஒருவரைப் பிடித்து வந்திருந்தீர்கள். லயத்திலிருந்து பஸார்வரை அவர், பஸாரிலிருந்து கண்டிக்கு நானா, கிளினிக் வாசலில் துணைக்கு அந்தப் பெண். அதோடு ஒரு புதிய விதி: கோர்க்கப்படும் இரண்டு பேர் முதல் தடவை ஒருவரோடொருவர் போனில் கதைக்க வேண்டும். கதைத்தோம் என்று இருவரும் சொன்னால்தான் சேவை விற்பனைக்கு வரும். முகப்பில் இருந்த என் வரியை என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அழித்தீர்கள்.

"போன் எடுத்துத்தான் பேசணும்னா இன்டர்நெட் எதுக்கு?" என்று கேட்டேன். நீங்கள் அடுத்த ஆளின் நம்பரை அழுத்தினீர்கள். இரண்டு மாதம் நாம் வேலை தவிர வேறு எதுவும் பேசிக்கொள்ளவில்லை. நீங்கள் தேத்தண்ணீர் ஊற்றி என் மேசையில் வைப்பீர்கள். ஆற விட்டுவிட்டு எழுந்து போவேன். எனக்கு முப்பத்தெட்டு வயது அப்போது. நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பெரியவருக்கு நாலு மாதம் கழித்து மறுபடி ஆபரேஷனுக்கு நாள் கிடைத்தது. நீங்கள் கோர்த்த மூவரும் அவரைக் கொண்டுபோய்க் கொண்டுவந்தார்கள். ஆபரேஷன் நடந்தது. காத்திருந்த காலத்தில் கண் இன்னும் மங்கியிருந்ததால் பார்வை முழுதாகத் திரும்பவில்லை. ஆள் தெரியும், எழுத்துத் தெரியாது என்றார்கள்.

அது நடந்து சில கிழமைகளில் உங்களுக்குக் காய்ச்சல். "சும்மா காய்ச்சல்தான், திங்கள் வாறன்" என்று சொன்னீர்கள். எந்தத் திங்கள் என்று உங்களைப் போலக் கேட்டு வைத்திருக்க வேண்டும்.

நீங்கள் கண்ணை மூடி மூன்றாவது கிழமை குவைத்திலிருந்து போன் வந்தது.

"அந்த அக்கா இருக்காங்களா? ரெண்டு வெள்ளிக்கிழமையா அப்பாவுக்குப் போன் எடுக்கலையாம். அவரு நாலு மணிக்குக் கோயில் பாறை மேல ஏறி நின்னு பாக்குறாராம். அங்கதானே சிக்னல்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அந்த வேன் தவறிய கிழமையிலிருந்து ஒவ்வொரு வெள்ளியும் நாலு மணிக்கு அவரோடு பேசியிருக்கிறீர்கள். வெள்ளி மாலை கடைக்குப் போகிறேன் என்று குடையை எடுத்துக்கொண்டு இறங்குவீர்களே, அது இதுதானா? என்னிடம் ஒரு சொல் சொல்லக் கூடாதா?

நீங்கள் இறந்ததை அவளிடம் சொன்னேன். பிறகு மற்றதையும் சொன்னேன். "அந்த வேனைக் கேக்காம ஏத்துனது நான். அக்கா இல்ல. அக்கா ஊர்லயே இருக்கல."

"அக்கா அவங்க பிழைன்னுதானே சொன்னாங்க," என்றாள். குரலில் கோபமா களைப்பா என்று எனக்குப் பிடிபடவில்லை. "சரி. இனி அப்பாவுக்கு யாரு போன் எடுப்பாங்க?"

அன்று சாயந்தரம் தளத்தின் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு சேவையையும் யார் ஏற்றினார்கள் என்று பெயர் விழும்படி செய்ததே நான்தான். நானாவின் வேனுக்கு நேரே என் பெயர். அழைப்பு வந்த நாளிலேயே நீங்கள் அதைத் திறந்து பார்த்திருப்பதும் பதிவாகியிருந்தது. தெரிந்தும் ஏசவில்லை. ஏசியிருந்தால் நானும் திருப்பி ஏசி, அழுது, முடித்திருப்பேன். இப்படி வாய்மூடிப் போய்ச் சேர்ந்தால் நான் யாரோடு சண்டை பிடிப்பது?

உங்கள் போன் விதியை நான் இன்னும் தளத்திலிருந்து எடுக்கவில்லை. புதிதாக வருகிறவர்கள் அதைத் திட்டுகிறார்கள். அவர்கள் திட்டுவது நியாயம் என்றே எனக்குப் படுகிறது, ஆனாலும் எடுக்கவில்லை.

முதல் வெள்ளி நாலு மணிக்கு நானே போன் எடுத்துப் பெரியவரிடமும் உண்மையைச் சொன்னேன். "அன்னைக்கு வேன் மேல வராமப் போனது என்னாலதாங்கய்யா."

"ம்," என்றார். "பதினொரு மணி வரைக்கும் வாசல்லயே உக்காந்திருந்தேன்ம்மா. பக்கத்து வூட்டுப் புள்ளைங்ககிட்ட வண்டிச் சத்தம் கேக்குதா, கேக்குதான்னு கேட்டுக்கிட்டே இருந்தேன்."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பிறகு பக்கத்து வீட்டு ஆடு தன் பீன்ஸ் கொடியைத் தின்ற கதையைத் தொடங்கினார். முக்கால் மணி நேரம். அந்த ஆட்டின் குணம், அதன் தாயின் குணம், சொந்தக்காரனின் குணம் எல்லாம் எனக்கு இப்போது அத்துப்படி. வைக்கிறேன் என்று சொன்னால் அவருக்குக் காது கேட்காது.

போன கிழமை வேறொரு கம்பனி பேச வேண்டும் என்று எழுதியிருந்தது. வெள்ளி நாலு மணி சரியா என்று கேட்டார்கள். அந்த நேரம் மட்டும் ஆகாது, எனக்கு ஒருவரோடு பேச வேண்டியிருக்கிறது என்று பதில் போட்டேன்.