நடையைக் குறைத்தவன்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், என் இடது முழங்காலைத் தவிர. அங்கே நீயும் நலம்தான் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். போனில் பேசினால் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்வார், அதனால்தான் கடிதம். சலவைக் கடையில் புது இஸ்திரி மேசை வாங்கிப் போட்டிருக்கிறார்கள், யாரை அளவெடுத்துச் செய்தார்களோ, எனக்கு எட்டவில்லை. நாளெல்லாம் நின்றபடி சட்டை தேய்த்துவிட்டு வந்து நம் மாடிப்படி ஏறுவதற்குள் உயிர் போய்த் திரும்புகிறது. கீழ்வீட்டுத் தையல்காரி உன்னை விசாரித்தாள். உன் கடைவாய்ப் பல்லை டாக்டரிடம் காட்டினாயா இல்லையா?

நீ கேட்டதற்கு வருகிறேன். உனக்குக் காய்ச்சல் கொதித்த அன்று அந்தப் பையன் ஒரு வார்த்தை கேட்காமல் நண்பர்களோடு ஊர் சுற்றப் போனான் என்றும், அவனைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்றும் ஒரே மூச்சில் எழுதியிருக்கிறாய். "அவனுக்கு அதெல்லாம் தோணாதும்மா, மனசுல ஒண்ணும் கிடையாது, நம்ம அப்பா மாதிரியேதான்" என்று வேறு. போன மாதம் கேட்டிருந்தால் சரி என்றிருப்பேன்.

அப்பா ஓய்வு பெற்றதிலிருந்து ஒரு மாயாஜாலத் தொடரே கதி என்று கிடக்கிறார். பேசுகிற மரம், பறக்கிற குதிரை, நம் காதில் முழம் முழமாகப் பூச்சுற்றுகிறார்களே என்று நொடித்துக்கொண்டேதான் நானும் உட்கார்ந்தேன், அப்புறம் எழுந்திருக்க முடியவில்லை. கல்லாக நின்ற காவல்காரன் ஒருவன் உயிர்பெற்று ஒரு வைத்தியக்காரியோடு வழித்துணையாகப் போகிறான். மலையையே பிளக்கிறவன், ஒரு எட்டு வைத்தால் அவளுக்கு நாலு எட்டு. நடுவில் ஒரு சண்டையில் அவள் காலில் அம்பு தைத்து நொண்ட ஆரம்பிக்கிறாள். எத்தனையோ வாரம் கழித்து, பனியில் நடந்துவந்த வழியைத் திரும்பிப் பார்க்கிறாள், இரண்டு பேர் காலடித் தடமும் பக்கத்துப் பக்கத்தில், அவனுடையதும் அவளுடையதைப் போலவே குட்டைக் குட்டை எட்டுகளாக. அவள் அழுதாள், நானும் அழுதேன். காதல் என்ற சொல்லை இருவரும் வாயில் எடுக்கவே இல்லையடி. பாட்டு இல்லை, கட்டிப்பிடிப்பது இல்லை. எப்போதோ போட்ட முடிச்சை நாம் மறந்த பிறகு மெதுவாக அவிழ்க்கிறார்கள், அதுவும் மலையைப் பிளக்கிறவன் அவளுக்காக அடியைச் சுருக்கினான் என்னும்போது வயிறு நிறைந்த மாதிரி இருக்கிறது. மந்திரத்தையெல்லாம் விட்டுவிடு, நம்மை ஒருவர் கவனித்திருக்கிறார் என்பதுதான் அதில் பெரிய மாயம்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்ன அழகாகக் காட்டிவிட்டார்கள் என்றேன். அப்பா டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "இப்பத்தான் பார்த்தியா? அவளுக்கு அடிபட்ட மறுநாளே அவன் நடையைக் குறைச்சுட்டானே, நான் அப்பவே கவனிச்சேன்" என்றார்.

லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த மனுஷன், வாசலில் நின்றே எந்தச் சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். இயந்திரம் புரிகிற அளவுக்கு மனிதர்கள் புரியாது, பாவம், கண்ணில் படாது என்று உன்னிடமும் ஊரிடமும் நானே அவருக்கு வக்காலத்து வாங்கியிருக்கிறேன். என் முழங்கால் போய் மூன்று வருஷம் ஆகிறது. இன்றைக்கும் கடைத்தெருவுக்குப் போனால் அவர் முன்னால் விறுவிறுவென்று போய் முனையில் நின்றுகொண்டு, "சீக்கிரம் வாயேன், பஸ் போயிடும்" என்று கத்துகிறார். பார்க்கத் தெரியாதவர் என்றுதான் பொறுத்துக்கொண்டேன். தெரிந்திருக்கிறது, நன்றாகவே தெரிந்திருக்கிறது. எனக்கு வயிறு எரிகிறது.

உன் கல்யாணத்துக்கு நான் குறுக்கே நிற்கமாட்டேன். ஒன்று மட்டும் செய். அந்தத் தொடரை அவனோடு உட்கார்ந்து பார். காவல்காரன் நடையைக் குறைத்ததை அவன் கடைசிவரை கவனிக்கவில்லை என்றால் நிஜமாகவே அப்பாவிதான், மன்னித்துக் கட்டிக்கொள். நீ கவனிப்பதற்கு முன்பே அவன் கவனித்துவிட்டால், அவனை வேண்டாம் என்று சொல்லிவிடு.

பல்லைக் காட்டு, மறக்காதே. அப்பாவும் ஆசி சொல்லச் சொன்னார், கடைக்குப் போகலாம் என்று கிளம்பி இந்நேரம் தெருமுனைக்கே போயிருப்பார். நிற்கட்டும். நீ எங்கே இருந்தாலும் நன்றாக இரு, கண்ணே.

இப்படிக்கு,
மெதுவாக நடந்து வரும்
உன் அம்மா