என் பங்கைக் குடித்த ஜெர்மன்காரர்

உ

விருத்தாசலம்,
2.4.2006, ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் பழமலைநாதனுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், ஸ்ரீமுஷ்ணத்தில் உன் தங்கை மதிவதனியும் மாப்பிள்ளையும் சுகம். உன் சுகத்தைக் கேட்டு எழுதும் வேலையை நீ எனக்கு வைக்கவில்லை, அனுப்பிய போட்டோவைப் பார்த்தாலே தெரிகிறது, முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். நம் வீட்டு ஆல்பத்தை எடுத்துப் புரட்டினேன், என் பக்கத்தில் நீ நிற்கிற படம் ஏழு இருக்கிறது, ஏழிலும் ரேஷன் கார்டுக்குப் படம் எடுக்க வந்தவன் மாதிரி வாயை மூடிக்கொண்டு நிற்கிறாய். இதைப் போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் போனில் எனக்குப் பேச்சு வராது என்பது உனக்குத் தெரியும், சாப்பிட்டியா, குளிர் இருக்குதா என்று கேட்டுவிட்டு உடனே அம்மாவிடம் கொடுத்துவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். இன்றைக்குப் பீங்கான் கம்பெனி லீவு, சூளைப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்து எழுதுகிறேன், இதை அம்மாவுக்குக் காட்டப் போவதில்லை.

ஜெர்மனியிலிருந்து உன் போட்டோ வந்த அன்று அம்மா அதைத் தெரு முழுக்கக் கொண்டுபோய்க் காட்டினாள். நீளமான மர மேசை, அதில் நீ, உன் தோளில் கையைப் போட்டுக்கொண்டு வெள்ளை மீசையோடு நீ குடியிருக்கிற வீட்டுக்காரர் அலாய்ஸ், ஆளுக்கொரு சாம்பல் நிறக் குவளை, மேலே நுரை. எதிர்வீட்டுக் கமலம் அது என்னவென்று கேட்டதற்கு, "அது பார்லி கஞ்சி கமலம், அவங்க சர்ச்சுல இப்ப விரதமாம், சோறு திங்கறதுக்குப் பதிலா இதத்தான் குடிப்பாங்களாம், எம்புள்ள எழுதியிருக்குது" என்றாள் உன் அம்மா. கமலமும் தலையை ஆட்டிக்கொண்டு, அதான் பையன் ஒரு சுத்து பெருத்துட்டான் என்று சொல்லிவிட்டுப் போனாள். முப்பது வருஷம் சூளையில் நின்றாலும் நுரையைப் பார்த்தால் கஞ்சியா வேறு ஏதாவதா என்று எனக்குத் தெரியும் தம்பி.

நாலு நாள் கழித்து என் பெயருக்கு இன்னொரு கவர் வந்தது. உனக்குத் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன், அலாய்ஸ் தானாக எழுதியது. இங்கிலீஷில் இரண்டு பக்கம். எனக்குத் தேதியும் கையெழுத்தும்தான் புரிந்தது, அதனால் கம்பெனிக்கு எடுத்துப்போய் ஆபீஸில் கணக்கு பார்க்கிற பிரபாவிடம் கொடுத்தேன், அந்தப் பெண் நல்ல கணீர்க் குரலில் எல்லாருக்கும் கேட்கும்படி படித்துத் தமிழிலும் சொல்லிவிட்டது. தானும் நீ வேலை பார்க்கிற கம்பெனியில் நாற்பது வருஷம் சூளை பார்த்து ரிட்டையர் ஆனவர், அதனால் ஒரு சூளைக்காரர் இன்னொரு சூளைக்காரருக்கு எழுதுவதாக ஆரம்பித்திருக்கிறார். மரியாதையான மனுஷன்தான், அதில் குறை சொல்ல மாட்டேன். அப்புறம்தான் வந்தது விஷயம். அந்தக் காலத்துச் சாமியார்கள் நாற்பது நாள் விரதத்தில் சாப்பிடக் கூடாது, குடிக்கலாம் என்பதால் ரொட்டிக்குப் பதிலாகக் கெட்டியாகக் காய்ச்சிய பீராம் அது, பெயர் பாக், லேபிளில் கடா படம் போட்டிருக்குமாம், சாதாரண பீரைவிட ஒன்றரை மடங்கு பலமாம். காப்பி டிகாக்ஷன் நிறம், நாக்கில் வைத்தால் முதலில் வெல்லப்பாகு, பிறகு முறுகின ரொட்டி, அவசரமே படாமல் ஒரு குவளையை ஒரு மணி நேரம் வைத்துக் குடிக்க வேண்டும், பக்கத்தில் பேச்சுக்கு ஆள் வேண்டும் என்று அனுபவித்து எழுதியிருக்கிறார். வருஷத்தில் இந்த ஐந்தாறு வாரம்தானாம். பிரபா படிக்கப் படிக்க மோல்டு போடுகிற ஆட்களெல்லாம் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள்.

உங்கள் மகன் மார்ச்சில் உங்கள் தேர்த் திருவிழாவுக்கு வருவதாகத்தான் இருந்தார், நான்தான் மேசையில் அவருக்கு இடம் பிடித்துவிட்டேன், எனக்காகத் தங்கிவிட்டார், மன்னிக்க வேண்டும் என்று அடுத்த வரி. லீவு கிடைக்கவில்லை என்று அம்மாவிடம் நீ சொன்னாய், அவளும் பாவம் உன் மேனேஜரைத் திட்டிக்கொண்டிருந்தாள். அதற்கும் மேலே இருக்கிறது, கேள். போட்டோவில் உன் கையில் இருக்கிற குவளை அவருடைய சொந்த மகனுடையதாம், அந்தப் பையன் கனடாவில் இருக்கிறானாம், ஆறு வருஷமாக வரவில்லையாம், அந்த பீர்க்கடை அலமாரியில் சும்மா தொங்குவானேன் என்று உனக்கு எடுத்துக் கொடுத்தாராம். அவர் பிள்ளை வரவில்லை என்றால் என் பிள்ளையைப் பிடித்து உட்கார வைத்துக்கொள்வதா? இது எந்த ஊர் நியாயம்? கடைசி வரிதான் என்னை அடித்தது. உங்கள் மகனிடம் உங்களுக்கு ஒரு பாட்டில் அனுப்பட்டுமா என்று கேட்டேன், என் அப்பா இதையெல்லாம் தொடவே மாட்டார், ரொம்பச் சுத்தமான மனுஷர் என்று சொன்னார், ஆகையால் உங்கள் பங்கையும் நானே குடித்துவிட்டேன் என்று முடித்திருக்கிறார். பிரபா இதைப் படித்ததும் சூளைப் பக்கம் நின்ற என் சிநேகிதன் தங்கதுரை சிரித்த சிரிப்பில் கையில் இருந்த பலகையைக் கீழே போட்டான். எனக்குக் காதில் புகை வந்தது. மறைக்க மாட்டேன், பொறாமைதான், வயிறு எரிகிறது, அந்த மீசைக்காரர் மேல்தான்.

நியாயத்தை நீயே சொல். அங்கே விரதம் என்று வந்தால் அதற்காகவே காய்ச்சிக் குடிக்கிறார்கள். இங்கே மாசி மகத்துக்குக் கொடி ஏறினால் இறங்குகிற வரைக்கும் நான் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டேன், உனக்குத் தெரியாததா. ஆக நீ முதல் குவளையைத் தூக்கின அதே வாரத்தில் உன் அப்பன் நாக்கு வறண்டு கிடந்தான், என் பங்கை ஒருத்தர் கடலைத் தாண்டி உட்கார்ந்து ஒரு மணி நேரம் ருசித்துக் குடித்துக்கொண்டிருந்தார். தேர் அன்றைக்கு வடம் பிடிக்கப் போனேன், எனக்கு முன்னால் நீ எப்போதும் பிடிக்கிற இடத்தில் வேப்பூர்ப் பையன் ஒருத்தன் நின்றான். நன்றாகத்தான் இழுத்தான். எனக்கு அவனையும் பிடிக்கவில்லை.

இதற்கப்புறம் நான் செய்த காரியத்தைச் சொன்னால் சிரிப்பாய். போட்டோவில் இருக்கிற அந்தக் குவளையைப் பார்த்துப் பார்த்து, நாமென்ன அதற்கும் வக்கில்லாதவர்களா என்று தோன்றிவிட்டது. சக்கரத்தில் ஜாடி சுற்றுகிற மாரியம்மாளிடம் படத்தைக் காட்டி அதே மாதிரி ஒன்று சுற்றித் தரச் சொன்னேன். "இன்னா மேஸ்திரி, ஊறுகாய் ஜாடிக்குக் கைப்பிடி வச்சு எங்க கொண்டுபோகப் போறீங்க" என்று கேட்டுக்கொண்டே செய்து கொடுத்தாள். காயவைத்து, ஃபியூஸ் கட்டைகளுக்கு நடுவில் ஒரு மூலையில் வைத்துச் சூளையில் ஏற்றிவிட்டேன். நெருப்பை நிறுத்தி ஒன்றரை நாள் ஆறவிட வேண்டும் என்று எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன். நானே பொறுக்காமல் மறுநாள் காலையில் கதவைத் திறந்துவிட்டேன் பழமலை. காற்று உள்ளே போனதும் டிக் டிக் என்று ஒரு தட்டுச் சரக்கு முழுக்க விரிசல் விட்டது. முதலாளி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உடம்பு சரியில்லையா கோதண்டபாணி" என்று மட்டும் கேட்டார், அதற்கு அவர் திட்டியிருக்கலாம். குவளையிலும் அடியில் மயிர்க்கோடு மாதிரி வெடிப்பு. இருந்தாலும் சனிக்கிழமை சாயந்திரம் நானும் தங்கதுரையும் அதில்தான் ஊற்றினோம். நம் கடை ஸ்ட்ராங் பீர், கூலிங் இல்லாமல் வெந்நீர் மாதிரி இருந்தது. அலாய்ஸ் ஒரு மணி நேரம் குடிக்கிறார், எங்களுக்குக் கீழே ஒழுகுவதற்குள் குடித்து முடிக்க வேண்டியதாகிவிட்டது. வெல்லமும் இல்லை ரொட்டியும் இல்லை, வாய்தான் கசந்தது.

அப்போதுதான் தங்கதுரை அதைச் சொன்னான். "அந்த ஜெர்மன்காரன் மேல ஏன்யா காயற. உன்னய சுத்தமான மனுசன்னு சொல்லி உம்புள்ள அங்க இருந்துகிட்டு இன்னமும் மணி அடிக்கிறான்யா" என்றான். எனக்குக் குடித்தது இறங்கிவிட்டது. நாம் இரண்டு பேரும் இதைப் பற்றி ஒரு நாளும் பேசினதில்லை, இன்றைக்குப் பேசிவிடுகிறேன். நீ ஒன்பதாவது படிக்கும்போது ஒரு சனிக்கிழமை அம்மா கொடுத்துவிட்ட அடையை எடுத்துக்கொண்டு சூளைக்கு வந்தாய். நானும் தங்கதுரையும் களிமண் மூட்டைமேல் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தோம். நீ பார்த்தாய், அப்படியே திரும்பிப் போய்விட்டாய். அடுத்த வாரத்திலிருந்து எடைமேடை முனையில் வரும்போதே சைக்கிள் மணியை இரண்டு தரம் அடிப்பாய். நான் பாட்டிலை மூட்டைக்குப் பின்னால் தள்ளிவிட்டு ஒரு கிராம்பை வாயில் போட்டுக்கொள்வேன். நீ வந்து தூக்கை வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சுவரில் இருக்கும் காலண்டரைப் பார்த்தே பேசிவிட்டுப் போவாய். ஆறு வருஷம், ஒரு சனிக்கிழமைகூட நீ அடிக்காமல் வந்ததில்லை. நல்ல பிள்ளை என்று அப்போது எனக்குப் பெருமையாக இருந்தது. பெருமையில் உன்னோடு பேச மறந்துவிட்டேன் போலிருக்கிறது.

நானும் உனக்கு ஒளிந்திருக்கிறேன். போன தடவை நீ வந்தபோது ஜங்ஷன் ரோட்டு பிராந்திக் கடையில் உன் சேக்காளிகளோடு நின்றிருந்தாய். நானும் அங்கேதான் வந்தேன். உன்னைப் பார்த்துவிட்டுக் கரும்பு லாரிக்குப் பின்னால் போய் நின்றேன், நீ போகிற வரைக்கும் கால் மணி நேரம். அங்கேயும் நீ சிரித்துக்கொண்டுதான் இருந்தாய். உன் சிரிப்புச் சத்தத்தை லாரிக்குப் பின்னால் இருந்துதான் நான் கேட்டேன். அந்த மனுஷருக்கு நீ பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்கிறாய், நாலு வார்த்தை பேசுகிறாய், தோளில் கை போட விடுகிறாய். பீர் யாருக்கு வேண்டும், அதுதான் எனக்கு எரிகிறது.

அதனால் அலாய்ஸிடம் நான் சொன்னதாகச் சொல். என் பங்கை அவர் குடிக்க வேண்டாம், ஒரு பாட்டில் எடுத்து வைக்கட்டும், சித்திரையில் வரும்போது நீ கொண்டுவா. அங்கே சீசன் ஈஸ்டரோடு முடிந்துவிடும் என்று எழுதியிருக்கிறார், முடியட்டும், நம் சீசனை நாம் வைத்துக்கொள்வோம். என் அப்பா குடிப்பார் என்றும் அவரிடம் சொல்லிவிடு, பொய் சொன்னதற்கு அவர் உன்னைக் கோபிக்க மாட்டார். அடுத்த சூளையில் குவளை இரண்டு வைத்திருக்கிறேன், இந்தத் தடவை ஒன்றரை நாள் முழுசாக ஆறட்டும், நான் கதவுப் பக்கமே போக மாட்டேன்.

அங்கே வெறும் வயிற்றில் குடிக்காதே, முதலில் ஏதாவது கொழுப்பாகச் சாப்பிட்டுக்கொள், நடுவில் தண்ணீர் குடி, இதையெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று இனிமேல் கேட்க வேண்டாம். பனியில் வழுக்கிவிடும், அலாய்ஸைப் பிடித்துக்கொண்டு நட, அவரும் வயசானவர். கனடாப் பையனுக்கு ஒரு போன் போடச் சொல்லி அவரிடம் நீயே சொல்லலாம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, அந்தக் குவளை ஊறுகாய் வைக்க நன்றாக இருக்கும், ஒன்று எடுத்துவரச் சொல்லுங்கள் என்றாள். அவளுக்குப் பார்லி கஞ்சியாகவே இருக்கட்டும், இல்லை அவளுக்கும் முன்னாலேயே தெரியுமோ என்னவோ. மதிவதனிக்கு ஆடியில் பிரசவம், நீ வரும்போது ஒரு நடை ஸ்ரீமுஷ்ணம் போய் வந்துவிடுவோம். சித்திரை வரைக்கும் அந்த மேசையில் தாராளமாக உட்கார், ஆனால் போட்டோவுக்கு அவ்வளவு சிரிக்காதே, கொஞ்சம் மிச்சம் வை.

பழமலைநாதரும் பெரியநாயகி அம்மனும் உனக்கு ஒரு குறையும் வைக்காமல் காப்பாற்றட்டும், நோய்நொடி இல்லாமல் நல்லபடியாக வந்து சேர். ஒன்றை மட்டும் மறக்காதே. உன் சைக்கிள் அப்படியே இருக்கிறது, செயினுக்கு எண்ணெய் போட்டு, இரண்டு டயருக்கும் காற்று அடித்து வைத்திருக்கிறேன், சனிக்கிழமை சாயந்திரம் அதில் சூளைக்கு வா. மணியை மட்டும் கழற்றிவிட்டேன். 

இப்படிக்கு,
உன் அப்பா,
கோதண்டபாணி.