பச்சைக்கு ஆள் சேர்த்தேன்

2013 ஓகஸ்ட் 17, சனி

திகதியை நானே எழுதினேன். மனிசி அலீமாவிடம் காட்டினேன். "நாள்காட்டியிலயும் அதுதான் இரிக்கி" என்று சொல்லிவிட்டு மீன் கழுவப் போய்விட்டாள்.

இன்று பெரியவர்களுக்கான எழுத்து வகுப்பில் ரம்ஸியா டீச்சர் ஒரு வேலை தந்தார். ஆளுக்கொரு நிறம் எடுக்க வேண்டும். அந்தச் சொல்லைச் சனங்கள் எங்கெங்கே சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதிவர வேண்டும். முத்தலிபு முந்திக்கொண்டு வெள்ளையை எடுத்தார். நான் பச்சை. வள்ளத்தில் என் பக்கம் பச்சை. வேறு நிறத்தைத் தொட்டால் துரோகம்.

வள்ளத்தைப் பற்றி எழுதாமல் முடியாது. நானும் நிக்கொலஸும் அதில் பாதிப் பாதி. தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு ஒரு பையோடு இந்தக் கற்பிட்டிக் கரையில் வந்து விழுந்தபோது, யார் எவன் என்று கேட்காமல் தொழிலுக்குச் சேர்த்துக்கொண்டவன் அவன். எல்லாவற்றிலும் ஒத்துப்போனோம், நிறத்தைத் தவிர. அவனுக்கு மாதாவின் போர்வை நீலம். எனக்குப் பள்ளிவாசல் பச்சை. கடைசியில் வலப்பக்கம் பச்சை, இடப்பக்கம் நீலம் என்று அடித்தோம். கரையில் நிற்பவர்களுக்கு வடக்கே போவது பச்சை வள்ளம், திரும்பி வருவது நீல வள்ளம். காவலுக்குப் புதிதாக வந்த கடற்படைச் சென்றிப் பொடியன் ஒருவன், போன பச்சை வள்ளத்தை இன்னும் காணவில்லையே என்று எங்களிடமே விசாரித்தான். நிக்கொலஸ் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "நாங்களும் அதைத்தான் தேடுறம்" என்றான்.

கை வலிக்கிறது. போதும்.

ஓகஸ்ட் 20

நிக்கொலஸ் வள்ளத்தை விற்கப் போகிறான்.

நேற்றே கேள்விப்பட்டேன். எழுத மனம் வரவில்லை. அவன் மகள் றோசா இத்தாலியில் இருக்கிறாள். தாயையும் தகப்பனையும் வந்து தன்னோடு இருக்கச் சொல்கிறாளாம். பிள்ளை கூப்பிடும்போது போகாதே என்று சொல்ல நான் யார்? அவன் போனால் தனியே என்னால் வள்ளம் இழுக்க முடியாது. விற்கத்தான் வேண்டும். என்னிடம் சொன்னபோது, "நல்லது மச்சான்" என்றேன். நல்லதாம்! இந்த நாக்கை என்ன செய்வது?

இன்று சிலாபத்திலிருந்து முஸம்மில் என்று ஒருவர் பார்க்க வந்தார். சுற்றிச் சுற்றி நடந்தார். "ஒரே நிறமா அடிச்சுத் தாங்க, எடுக்கிறன். இப்படிக் கொண்டுபோனா ஊர் சிரிக்கும்" என்றார். எந்த நிறம் என்றாலும் சரியாம். கச்சான் காற்று அடங்கி, கரையில் ஏற்றிக் கிடக்கும் வள்ளங்கள் தொழில் தொடங்குமுன் வேண்டுமாம்.

"அப்ப பச்சை" என்றேன்.

"நீலம்" என்றான் நிக்கொலஸ்.

முஸம்மில் எங்களை மாறி மாறிப் பார்த்தார். பிளேன்ரீயைக் குடித்துவிட்டு, முடிவெடுத்துச் சொல்லுங்கள் என்று போய்விட்டார்.

அவர் போன பிறகுதான் எனக்கு மூளை வேலை செய்தது. நிறம் முடிவாகாதவரை பெயின்ட் இல்லை. பெயின்ட் இல்லாதவரை விற்பனை இல்லை.

ஓகஸ்ட் 21

அவனிடம் போட்டி சொன்னேன். எந்த நிறத்தின் பெயர் சனங்களின் வாயில் கூடப் புழங்குகிறதோ அந்த நிறம் வள்ளத்துக்கு. ஆளுக்கு நாளுக்கொரு சொல். இரண்டு கொண்டுவந்தால் மற்றது செல்லாது.

"இது எவ்வளவு நாளைக்கு?" என்றான்.

"சொல் முடியிற வரைக்கும்."

யோசித்தான். "ஓம், சரி" என்றான். கள்ளனுக்கு நான் என்ன செய்கிறேன் என்று விளங்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

ஓகஸ்ட் 24

அவன்: நீலக்கல். நான்: பச்சை மிளகாய். இப்படியே மெதுவாகப் போகட்டும்.

ஓகஸ்ட் 27

இன்று பெரிய சண்டை. வள்ளம் கரையில் கிடக்கும் நாட்களில் நிக்கொலஸ் களப்பு மீன் வாங்கிக் கூடையில் விற்பான். நான் கொண்டுபோன சொல் பச்சை மீன். அவன் கூடையிலிருந்து ஒரு பாரை மீனைத் தூக்கி என் மூக்கில் முட்டுகிற மாதிரிப் பிடித்தான்.

"இதில பச்சை எங்க இரிக்கி? காட்டு பாப்பம்."

"காலையில கூடையத் தூக்கிக்கொண்டு என்னெண்டு கூவினாய்?"

"பச்சை மீன் எண்டுதான்."

"அப்ப உன்ட வாய்தானே சாட்சி."

"அது கருவாடு இல்லை எண்டு சொல்றதுக்கு! நிறத்துக்கா?"

"நிறத்துக்கோ எதுக்கோ. சொல் பச்சைதானே."

பிறகு அந்தப் பாரையையே எனக்குக் கறிக்குத் தந்தான்.

ஓகஸ்ட் 30

வீட்டில் கேட்டால் சொல் கொட்டுகிறது. அலீமாவிடம் பச்சை எங்கெல்லாம் வரும் என்று கேட்டேன். "காலையில இருந்து பச்சைத் தண்ணி பல்லில படாமத் திரியிறீங்களே, அது தெரியல்லயா?" என்றாள். எழுதிக்கொண்டேன். தண்ணீருக்கு நிறமே இல்லை, அதையும் நாங்கள் பச்சை என்கிறோம்!

பிறகு, தானாகவே: மகள் அப்ரா பிள்ளை பெற்ற நாட்களில் காற்றில் போக விடமாட்டோமே, பச்சை உடம்பு என்று. எங்கள் அப்ரா நல்ல சிவப்பு. இருந்தாலும் பச்சை உடம்பு. சுடாத பானை பச்சை மண். சிரட்டையளவு குழந்தை பச்சைப்புள்ள.

"எழுத்துப் படிச்ச பிறகு மனிசனுக்குக் கதை கூடிட்டு" என்றாள் அலீமா. ஆனால் அடுப்படியிலிருந்து இன்னும் இரண்டு சொல் கத்தினாள். அதில் ஒன்றை இங்கே எழுத முடியாது. அது பச்சை பச்சையாக ஏசுவதில் சேர்ந்தது.

செப்டெம்பர் 4

நிக்கொலஸுக்குச் சொல் வறண்டுவருகிறது. சட்டைக்குப் போடும் நீலம் சொன்னான், நீலக்கால் நண்டு சொன்னான். இன்று, "கடல்" என்றான்.

"கடலை நீ எப்ப நீலம் எண்டு கூப்பிட்டனீ? சண்டையில கூட நீ அப்பிடிச் சொன்னதில்ல."

"படத்தில அப்பிடித்தானே கீறுறாங்க."

"படம் கீறுறவன் வலை இழுக்கிறானா?"

தள்ளுபடி. ஆனால் எனக்கும் உள்ளே பயம். அவன் கை வெறுமையானால் போட்டி முடிந்துவிடும். ஆகவே திரும்பி வரும் வழியில், எனக்கு ஞாபகம் வந்த மாதிரி, குளிரில் உடம்பு நீலம் பாரிப்பது பற்றி ஒரு கதையை எடுத்துவிட்டேன். நாளைக்கு அவன் அதைக் கொண்டுவர வேண்டும்.

செப்டெம்பர் 5

கொண்டுவந்தான்! தானே கண்டுபிடித்த மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

செப்டெம்பர் 9

அவன் இடக்கையில் ஒரு நங்கூரம் இருக்கிறது. இளந்தாரிக் காலத்தில் தலவில தேவாலயத் திருவிழாவில் குத்தியது. மூன்று நாளைக்கு முன், "அது என்ன?" என்று கேட்டேன்.

"பச்சை குத்தினது" என்று சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தான். பிறகு கையை வெயிலுக்கு நீட்டினான். "நிறத்தைப் பார்! சுத்த நீலம். இது எனக்கு."

"பேர் என்ன? எனக்கு."

"தோல் என்ட தோல்!"

அன்றிலிருந்து அந்தக் கையைக் கரையெல்லாம் காட்டித் திரிகிறான். மாட்டுவண்டிக்காரரிலிருந்து கருவாட்டுக்காரிகள் வரை தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். ஒருவர் சொன்னது மற்றவருக்குப் பொருந்தவில்லை. மாஷா அல்லாஹ், இப்படியே மாரிகாலம் வரை ஓட்டலாம்.

செப்டெம்பர் 14, சனி

என் பக்கங்களை டீச்சரிடம் கொடுத்தேன். வாசித்து வாசித்துச் சிரித்தார். பிறகு கரும்பலகையில் எழுதிக் காட்டினார். பச்சை, பசுமை, பாசி எல்லாம் ஒரே வேரில் வருகிற சொற்களாம். காயாதது, வேகாதது, ஈரம் விடாதது எல்லாம் பச்சைதான். "இலையில ஈரம் இரிக்கிற வரைக்கும் என்ன நிறம், மாமா?" என்று கேட்டார். ஆகவே நிறம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது போலத்தான் தனக்குத் தோன்றுகிறது என்றார்.

எத்தனை வருஷம் பச்சை மீன் என்று கூவியிருப்பேன்! ஒரு நாளாவது நின்று பார்த்தேனா?

இன்னொன்றும் சொன்னார். பழைய பாட்டுகளில் நீலமாகத் தெரிகிறதையும் பச்சை என்று பாடியிருக்கிறார்களாம். இரண்டுக்கும் நடுவில் வேலி போடாத காலம்.

இதைக் கேட்டால் நிக்கொலஸ் குதிப்பான். இரண்டு கிழமைச் சண்டை நிச்சயம். நாளைக்குச் சொல்ல வேண்டும். நித்திரை வரவில்லை.

செப்டெம்பர் 15

சொன்னேன். அவன் குதிக்கவில்லை. கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த ஊசியைக் கீழே வைத்தான்.

"அப்ப நீலமும் ஒருகாலத்தில பச்சைதான்."

"ஓம்."

"அப்ப என்ட சொல் எல்லாம் உன்ட சொல். சரி மச்சான். நீ வெண்டாய். பச்சையே அடிப்பம்."

எழுந்து வீட்டுக்குப் போய்விட்டான். அநியாயம்! தோற்கிறவன் இப்படியா தோற்பான்?

செப்டெம்பர் 16

வென்றுவிட்டேன். சோறு இறங்கவில்லை.

செப்டெம்பர் 17

அஸர் தொழுகைக்குப் பிறகு போனேன். அவன் வாசலில் பச்சை பெயின்ட் வாளி. மூடி திறந்து, குச்சியால் கலக்கிக்கொண்டிருந்தான்.

"நிக்கொலஸ், ஞாயமாக் கதைச்சா நான் தோத்துட்டன்."

அவன் கலக்கிக்கொண்டே இருந்தான்.

"டீச்சர் சொன்னத நான் முழுக்கச் சொல்லல்ல. பச்சை மீன்ல இரிக்கிற பச்சை நிறமே இல்லை. காயாததத்தான் சொல்றது. தண்ணி, உடம்பு, மண் எல்லாம் அப்பிடித்தான். மிளகாய் ஒண்டுதான் மிஞ்சும். என்ட கணக்கு செல்லாது."

"அப்ப நீலம் வெண்டுட்டா?"

"ஓம். நீலம்தான்."

"சரி. இத மாத்தி நீல வாளி எடுத்தாறன்."

எழும்பிவிட்டான்! இதை நான் யோசிக்கவே இல்லை. பச்சை வென்றாலும் வள்ளம் போகும், நீலம் வென்றாலும் வள்ளம் போகும். ராத்திரி முழுக்கப் படுக்காமல் கட்டிய வழக்கு, எனக்கு எதிராகவே கட்டிய வழக்கு, அரை நிமிஷத்தில் போச்சு. அதன் பிறகு நான் சொன்னதெல்லாம் நானாகச் சொன்னதில்லை, வாய் தானாகச் சொன்னது.

"ரெண்டும் வேணாம்டா! விக்காத. போகாத. நீயும் போயிட்டா நான் ஆரோட கடலுக்குப் போறது? ஆரோட சண்ட பிடிக்கிறது?"

கிழவன் நான் வாசலில் நின்று கத்துகிறேன். எதிர்வீட்டுக் கோழிகள் கூட நின்று பார்த்தன.

நிக்கொலஸ் திரும்ப உட்கார்ந்தான். வாளியின் மூடியை எடுத்து, மெதுவாகத் தட்டித் தட்டி மூடினான்.

"இதச் சொல்ல உனக்கு இவ்வளவு நாளா? நான் என்னத்துக்கு விட்டுக்குடுத்தன் எண்டு நினைக்கிறாய்? இந்த வாய் எப்ப திறக்கும் எண்டு பாக்கத்தான்."

"உனக்கு வாய் இல்லையா?"

"மகள் ஆசையாக் கூப்பிடுறாள். போக மனமில்லை எண்டு அவளிட்ட எப்பிடிச் சொல்றது? நீ மறிச்சா, உசனார் விடுறானில்லை எண்டு சொல்லலாம். நீ என்னடா எண்டா நல்லது மச்சான் எண்டாய்."

உள்ளேயிருந்து அவன் மனிசி ஜூலியானா: "மாதாவே, நானும் எத்தனை நாளுக்குத்தான் பெட்டி அடுக்கிற மாதிரி நடிக்கிறது!"

மூன்று பேர். மூன்று பேரும் நடித்திருக்கிறோம்.

செப்டெம்பர் 19

றோசாவோடு தொலைபேசியில் பேசினேன். பேசினேன் என்ன, ஏச்சு வாங்கினேன். பழி முழுக்க என் தலையில் என்பதுதான் ஏற்பாடு. நிக்கொலஸ் பக்கத்தில் நின்று, பாவம் போல முகத்தை வைத்துக்கொண்டு கேட்டான்.

"உசனார் மாமா, நீங்க பெரிய மனிசனா? எங்கட அப்பாவ ஏன் பிடிச்சு வச்சிரிக்கிறீங்க?"

"ஓம் மகள். என்னிலதான் பிழை."

அழுதாள். அது எனக்குப் பொறுக்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடுவேனோ என்று பயந்து நிக்கொலஸ் என் காலை மிதித்தான். றோசா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அவர் பிரஷர் குளிசை போடுறாரா எண்டு இனி நீங்கதான் பாக்கணும். டிசம்பரில நத்தாருக்குப் பிள்ளைகளோட நானே வாறன்" என்றாள்.

குளிசையை நான் பார்ப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். நிக்கொலஸுக்கு இது பிடிக்கவில்லை. எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

செப்டெம்பர் 28

முஸம்மில் உடப்புக் கரையில் வேறு வள்ளம் எடுத்துவிட்டாராம். பச்சை பெயின்ட்டை ஜூலியானா கோழிக்கூட்டுக்கு அடித்துவிட்டாள்.

ஒக்டோபர் 20

காற்று விழுந்துவிட்டது. நேற்று நாலு பேரைப் பிடித்து வள்ளத்தைத் தண்ணீருக்கு இறக்கினோம். இஞ்சின் முதல் இழுவையில் பிடித்தது. இன்று முதல் வலை.

நிக்கொலஸ் வாசல் படலையில் நின்று கூப்பிடுகிறான். "எழுதினது காணும், எழும்பு ஓய்! வெளிச்சம் வரப்போகுது!"

"இந்தா வந்துட்டன், வழியில வாறன்" என்று கத்தினேன். பச்சைப் பொய். இன்னும் சேட்டுக்கூடப் போடவில்லை.