ஹரிணியின் அறையில் பித்தளைச் சக்கரங்கள்

ஏப்ரல் 7, 2007

வெயில். காலை ஒன்பதுக்கே முற்றத்துக் கல் சுடறது. இந்த மலையாள ஊரில், எங்க வலியசாலைத் தெருவில் தண்ணி வர நேரத்தை மாத்திட்டான். இனி அஞ்சரைக்கே எழுந்து பிடிக்கணும்.

ஹரிணிக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிஞ்சு பத்து நாளாச்சு. அறையை விட்டு வரதில்லை. தட்டை உள்ளே எடுத்துண்டு போவா. கொஞ்ச நேரத்தில் கழுவின தட்டு மேடையில் இருக்கும். நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்து ஏழு மாசம். அவ அம்மா போய் நாலு வருஷம். இதுவரை என்னை எந்தப் பேரும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சித்தி இல்லை, ஆன்ட்டி இல்லை. ஏதாவது வேணும்னா, "அந்தக் கத்திரிக்கோல் எங்க இருக்கு?" என்று சுவரைப் பார்த்துக் கேப்பா.

கோயம்புத்தூர் அக்கா (அவரோட அக்கா) கூரியரில் அனுப்பின ஹாஸ்டல் விண்ணப்பம் வந்தாச்சு. ஹரிணிக்கு ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ ரெண்டும் அங்கேயே. போனில் சொன்னா: "உனக்கும் கொஞ்சம் மூச்சு விட இடம் வேணுமோல்லியோ லலிதா?" அடுப்பில் பால் இருக்குன்னு சொல்லிப் போனை வைச்சேன்.

இங்கேயாவது நிஜத்தை எழுதணும். சந்தோஷமா இருந்தது. அவ போயிட்டா இந்த வீட்டில் நான் விருந்தாளி மாதிரி அடி எடுத்து வைக்க வேண்டாம். எழுதிட்டு வாசிச்சால் அசிங்கமா இருக்கு. இருக்கட்டும்.

வாங்க: து. பருப்பு, துணி சோப்பு, எலிப்பொறி.

ஏப்ரல் 12

புழுக்கம். மேகம் வந்து ஏமாத்திட்டுப் போச்சு.

காலையில் அப்பாவுக்கும் பெண்ணுக்கும் தகராறு. ஹரிணி தன் அறை அலங்காரத்தை மாத்தணும்னு கேட்டா. அவர் பேப்பரிலிருந்து தலை எடுக்காமல், "ரெண்டு மாசத்தில் ஹாஸ்டல் போகப் போறே. எதுக்கு?" கதவு படார்.

பெருக்கும்போது சாப்பாட்டு மேஜைக்கடியில் ஒரு காகிதம். இன்டர்நெட் கஃபேயில் பிரின்ட் எடுத்தது. ஒரு படுக்கையறைப் படம். சுவரெல்லாம் பித்தளைப் பல்சக்கரம், செம்புக் குழாயில் விளக்கு, அலமாரிக் கதவில் கப்பல் பிரஷர் மீட்டர். ரயில் எஞ்ஜினுக்குள் யாரோ கட்டில் போட்ட மாதிரி. கதவைத் தட்டிக் கொடுத்தேன்.

"இது என்ன ஸ்டைல்?"

"ஸ்டீம்பங்க்." கொஞ்சம் விட்டு, "கரன்டே கண்டுபிடிக்காம, எல்லாமே நீராவியில ஓடியிருந்தா உலகம் எப்படி இருந்திருக்கும்னு கற்பனை. சொன்னா புரியாது."

"இந்த விளக்கு கரன்ட்லதான் எரியறது."

முறைச்சா.

"குழாயெல்லாம் சாதாரண பிளம்பிங் ஃபிட்டிங்தான். மேல செம்பு கலர் அடிச்சிருக்கா. நான் பண்ணலாம்."

"நீங்களா?"

பன்னிரண்டு வருஷம் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிகல் லேப் அசிஸ்டென்ட். இந்த வீட்டில் ஒருத்தரும் அதைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டதில்லை. திருநெல்வேலியிலிருந்து வரும்போது புடவைக்கு நடுவில் சுத்திக் கொண்டுவந்த, ஒயர் பத்தவைக்கிற சால்டரிங் அயர்னை எடுத்துக் காட்டினேன். வாங்கிப் பார்த்தா. முனையைத் தொடப் போய், "சுடுமா?" என்று கேட்டா. "ப்ளக்ல குத்தினா சுடும்."

அவ சிரிக்கலை. ஆனா கதவு திறந்தே இருந்தது.

ஏப்ரல் 19

சாலை பஜார் போனோம், ரெண்டு பேரும். அவ பத்தடி முன்னாலேயே நடந்தா.

லிஸ்ட் (ஹ. எழுதினது):
அரை இஞ்ச் குழாய் எல்போ 4, டீ ஜாயின்ட் 2, ஒரு அடி பைப் 3
ஹோல்டர், ஒயர் 3 மீ.
செம்பு கலர் ஸ்ப்ரே
பித்தளைக் குமிழ் ஆணி – சோபாவில் அடிக்கறது – 2 பாக்கெட்
பழைய பெல்ட் எவ்வளவு கிடைக்குமோ

எர்த் ஒயர் விட்டுப் போச்சு. நான் சேர்த்தேன். "இரும்புக் குழாய், எர்த் இல்லாம கட்டில் பக்கத்தில வைக்க விட மாட்டேன்." "ஓவர்" என்று முணுமுணுத்தா. வாங்கினா.

பழவங்காடியில் கடிகாரம் ரிப்பேர் பண்றவர் ஒரு பவுடர் டப்பா நிறைய உடைஞ்ச சுவர்க்கடிகாரச் சக்கரம் கொடுத்தார். ஹ. பஸ்ஸில் அதை மடியில் வைச்சுண்டு குலுக்கிக் குலுக்கிக் கேட்டுண்டு வந்தா, சின்னக் குழந்தை மாதிரி.

ஏப்ரல் 21

விளக்கு எரிஞ்சது! முதல் தரம் ஃபியூஸ் போச்சு. அவ பைப்புக்குள் ஒயரை இழுத்தபோது அதோட மேலுறை உரிஞ்சிருக்கு. அவளையே கண்டுபிடிக்கச் சொன்னேன். அரை மணி எடுத்தது. கண்டுபிடிச்சா.

ஸ்ப்ரே பெயின்ட் முற்றத்துத் துளசிமாடத்திலும் கொஞ்சம். அவர் வந்து பார்த்து, "இது என்ன கோலம்?" நாங்க ரெண்டு பேரும் ஒரே சமயத்தில், "போயிடும்" என்றோம். போகாது.

ஏப்ரல் 26

காலையில் விழிஞ்ஞம் மீன்பிடித் துறைமுகம். அவளுக்கு ஒரு மீட்டர் வேணும், நிஜமானது. கிழக்கேகோட்டையில் பஸ் ஏறி, மீன் வாசனையில் மூக்கைப் பொத்திண்டு ஹ.; எனக்குப் பரவாயில்லை.

படகு எஞ்ஜின் ரிப்பேர் ஷெட். வயசானவர் ஒருத்தர் பிரஷர் மீட்டர் ஒண்ணைத் துடைச்சுக் கொடுத்தார். பித்தளை வளையம், உப்புக் காத்தில் பச்சை பூத்தது, முள் பாதியில் நின்னு போச்சு.

"இது ஓடில்ல கேட்டோ. எந்தினா?" ஓடாது, எதுக்கு என்றார்.

ஹ. மலையாளத்தில் சொன்னா, அலமாரிக் கதவில் மாட்ட என்று. அவர் சிரிச்ச சிரிப்பில் பக்கத்து ஷெட்டிலிருந்து ரெண்டு பேர் எட்டிப் பார்த்தா. "அலமாரிக்கு எத்ர பிரஷர் உண்டு?" அலமாரிக்கு எத்தனை பிரஷர்னு கேலி. காசு வேண்டாம்னுட்டார். என்னைப் பார்த்து, "மோளாணோ?"

உங்க பெண்ணா என்று. நான் வாயைத் திறக்கறதுக்குள் ஹ., "பஸ் வந்துடும், வாங்கோ."

ஆமாம்னும் சொல்லலை. இல்லைன்னும் சொல்லலை. திரும்பற வழி முழுக்க அதையே நினைச்சுண்டு வந்தேன்.

மே 3

இடி மழை, சாயங்காலம் நாலு மணிக்கு. மாடித் துணியெல்லாம் நனைஞ்சது.

அறை முக்கால் முடிஞ்சாச்சு. ஒரு சுவரில் காபி டிகாக்‌ஷன் தடவிப் பழுப்பாக்கின காகிதத்தில் அவளே வரைஞ்ச பறக்கும் கப்பல். அலமாரி விளிம்பு முழுக்கக் குமிழ் ஆணி (என் கட்டை விரலில் நகம் கறுத்துப் போச்சு). மீட்டர் மாட்டியாச்சு. பெல்ட்டையெல்லாம் வெட்டி இழுப்பறைக்குக் கைப்பிடி. சக்கரங்கள் ஜன்னலுக்கு மேலே, ஒண்ணோடொண்ணு கோத்து. ஒண்ணைத் திருப்பினா நாலு சுத்தும், அஞ்சாவது மக்கர்.

ஹ. சிநேகிதியோடு போனில். கதவு திறந்திருந்ததால் காதில் விழுந்தது. "கடையில் வாங்கியதல்லடீ. உண்டாக்கியதா. ... வீட்டில் ஒராளுண்டு. எல்லாம் அறியாம்."

கடையில் வாங்கினதில்லை, பண்ணினது; வீட்டில் ஒருத்தர் இருக்கா, அவாளுக்கு எல்லாம் தெரியும். கரைச்ச புளியையே மறுபடியும் கரைச்சுண்டு இருந்தேன்.

கோ. அக்கா போன்: விண்ணப்பம் பதினெட்டாம் தேதிக்குள் போகணும். அவரிடம் சொல்லலை. நாளைக்குச் சொல்லலாம்.

மே 9

எழுதவே பிடிக்கலை.

கூடத்து மூலையில் பச்சைத் துணி போட்டு மூடின தமிழ் டைப்ரைட்டர் ஒண்ணு உண்டு. ஹ.வோட அம்மாவுடையது. டைப்பிஸ்டா இருந்தவ, வீட்டிலும் வைச்சு அடிப்பாளாம். அவர் வாரத்துக்கு ஒரு தரம் துணியை உதறிப் போடுவார், துடைப்பார். மத்தவா யாரும் கை வைக்கிறதில்லை. நான் அந்த மூலையைப் பெருக்கும்போதுகூடத் தள்ளி நின்னுதான் பெருக்குவேன்.

இன்னிக்கு நான் சந்தைக்குப் போன நேரத்தில் ஹ. அதைக் கழட்டிட்டா. என் கட்டிங் ப்ளேயரால். நாற்பதுக்கு மேல் எழுத்துப் பொத்தான், ஒண்ணு விடாமல். நான் வந்தபோது தரையில் உட்கார்ந்திருந்தா, மடி நிறைய எழுத்து.

"என்ன பண்ணிட்டே ஹரிணி?"

முகம் வெளுத்துக் கிடந்தது. பிடுங்கின கம்பிகள் மேலே நீட்டிண்டு, பார்க்கவே முடியலை. திரும்பப் பொருத்தலாமான்னு பார்த்தேன். முடியாது. வெட்டி எடுத்திருக்கா.

ஆறு மணிக்கு அவர் வந்தார். பச்சைத் துணி தொய்ஞ்சு கிடக்கறதைப் பார்த்துட்டுத் தூக்கினார்.

"யார் தொட்டா இதை?"

அவ என் பின்னால் நின்னா. மூச்சு விடற சத்தம் எனக்குக் கேட்டது.

"நான்தான். அறைக்கு வேணும்னு எடுத்தேன்."

ஏன் அப்படிச் சொன்னேன்னு தெரியலை. யோசிக்க நேரமில்லை.

அவர் இதுவரை என்னிடம் குரல் உயர்த்தினதில்லை. இன்னிக்கு உயர்த்தினார். "அவ சாமானைத் தொட உனக்கு யார் அதிகாரம் கொடுத்தா? உன்கிட்ட நான் என்ன கேட்டேன்? இதை ஒண்ணை விட்டு வைக்க முடியலையா உன்னால?" அப்புறம் செருப்பைப் போட்டுண்டு வெளியே போயிட்டார். மூணு பேரும் சாப்பிடலை.

ஹ. கதவைச் சாத்திண்டா. சத்தம் வராமல்.

மே 10

காபி ஆறிப் போய் மேஜையில். அவர் சட்டைப் பொத்தான் போட்டுண்டிருந்தார். ஹ. வந்து நேர அவர் முன்னால் நின்னா.

"அப்பா, கழட்டினது நான். அவா இல்லை. அவா சந்தைக்குப் போயிருந்தா."

அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "ஏன்?"

"நான் ஹாஸ்டல் போயிட்டா அதை ஆக்ரிக்குப் போட்டுடுவேள்னு நினைச்சேன். எழுத்தையாவது எடுத்துண்டு போகலாம்னு."

"ஆக்ரிக்கா? நானா?" பழைய இரும்புக் கடையில் போடுவேன்னு பெண் நினைச்சிருக்காளேன்னு. ஆபீஸ் போயிட்டார். டிபன் எடுத்துக்கலை. ஹ.வும் நானும் தோசை சாப்பிட்டோம்.

மே 11

சாயங்காலம் அவர் முதல் தடவையா அந்த அறைக்குள் போனார். கட்டில் தலைமாட்டுப் பலகையில் எழுத்துகளை வரிசையா ஒட்டியிருக்கா. மெஷினில் இருந்த அதே வரிசை, கொஞ்சமும் மாறாமல். படம் வரைஞ்சு வைச்சுண்டுதான் கழட்டினாளாம்.

அவர் கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொண்ணா விரலால் தடவினார். "இந்த 'ழ' எப்பவும் ஒட்டிக்கும். உங்கம்மா முட்டியால ஒரு இடி வைப்பா. அப்புறம் எனக்கு ஒரு திட்டு, எண்ணெய் போடலைன்னு."

ஹ. சிரிச்சா. அப்புறம் அழுதா. அவரும். நான் சமையலறைக்கு வந்துட்டேன். பால் பொங்கற நேரம்.

கொஞ்சம் கழிச்சு அவர் சமையலறை வாசலில் நின்னார். "அன்னிக்கு உன்கிட்ட... அப்படிப் பேசியிருக்கக் கூடாது லலிதா." "சரி" என்றேன். "சரி இல்லை" என்றார். டம்ளரைத் தானே கழுவி வைச்சார்.

மே 17

ரிசல்ட். ஹ.வுக்கு ஒரு பாடம் தவிர எல்லாம் ஏ ப்ளஸ். கணக்கு ஏ. அதுக்குக் கொஞ்சம் மூஞ்சி தூக்கல். பால் பாயசம்.

நாளைக்கு விண்ணப்பக் கடைசி நாள். மத்தியானம் அதைக் கையில் வைச்சுண்டு அவ அறைக்குப் போனேன். இதுக்கு மேல் பொறுக்க முடியலை.

"ஹரிணி, ஒண்ணு சொல்லணும். இது வந்த அன்னிக்கு எனக்குச் சந்தோஷமா இருந்தது. நீ போனா நன்னா இருக்கும்னு நினைச்சேன். இப்ப நினைக்கலை. ஆனா நினைச்சது நிஜம்."

அவ சக்கரத்துக்கு எண்ணெய் போட்டுண்டிருந்தா. திரும்பலை.

"தெரியும்."

"எப்படி?"

"உங்க டைரி வாசிச்சேன். டேப் தேடிண்டு அலமாரியைத் திறந்தப்போ. ஒரு பக்கம்தான். ஏப்ரல் ஏழு."

"எப்போ?"

"டைப்ரைட்டர் கழட்டின அன்னிக்கு. அதைப் படிச்சுட்டுத்தான்."

கட்டிலில் உட்கார்ந்துட்டேன். ஆக, அதைப் படிச்சுட்டு என் பின்னால் நின்னிருக்கா. நான் பழியை ஏத்துண்டபோது எல்லாம் தெரிஞ்சவளா நின்னிருக்கா.

"கோபம் வரலையா?"

"வந்தது. ரொம்ப." எண்ணெய்க் கையைத் துணியில் துடைச்சா. "நீங்க வந்த புதுசில நானும் அப்படித்தான் நினைச்சேன். நீங்க போயிட்டா நன்னா இருக்கும்னு. நான் எழுதி வைக்கலை, அவ்வளவுதான்."

விண்ணப்பத்தைக் கட்டிலில் வைச்சேன்.

"உனக்குக் கோயம்புத்தூர் போகணுமா?"

"யாரும் என்கிட்ட கேக்கவே இல்லையே."

"நான் கேக்கறேன்."

"வேண்டாம்."

சாயங்காலம் அவர் வந்ததும் ரெண்டு பேரும் சேர்ந்தே சொன்னோம். அவர் விண்ணப்பத்தை மடிச்சார், பிரிச்சார், மறுபடியும் மடிச்சார். "அக்காகிட்ட யார் சொல்றது?" நானே போன் பண்ணிச் சொன்னேன். அக்கா ஏழு நிமிஷம் பேசினா. நான் "ஆமாம் அக்கா" மட்டும். கடைசியில் அக்கா, "சரி, உன் பாடு."

ஆமாம். என் பாடு.

மே 28

தூறல். குடை ஒண்ணுதான், மூணு பேர்.

ப்ளஸ் ஒன் விண்ணப்பம் கொடுக்க ஸ்கூலில் க்யூ. கேட் வரை நீண்டு, தெருவில் வளைஞ்சு. அவர் பத்தரைக்கு ஆபீஸ் போகணும்னு போயிட்டார். நானும் ஹ.வும் நின்னோம். முன்னால் நின்ன அம்மா என்னிடம் ஏதோ வேகமா மலையாளத்தில் கேட்டா. பாதிதான் புரிஞ்சது. தலையாட்டி வைச்சேன். ஹ. சிரிப்பை அடக்கிண்டு, "நீங்க இப்ப உங்களுக்கும் ஒரு பெண் ப்ளஸ் டூ படிக்கறான்னு சொல்லியிருக்கேள்."

விண்ணப்பத்தை என் முதுகில் வைச்சு எழுதினா. எல்லாம் மலையாளம். எழுத்து எனக்கு இன்னும் கூட்டித்தான் படிக்க வரும். சரிபார்க்கச் சொல்லி நீட்டினா. அவர் பேர் தெரிஞ்சது. அதுக்குக் கீழே, அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய நம்பர் என்றா. நம்பர் மட்டும் சட்டுனு படிக்க முடிஞ்சது. என்னோடது.

"அப்பா நம்பர் போடலையா?"

"மீட்டிங்ல இருந்தா அப்பா எடுக்க மாட்டார்," என்று பேனா மூடியைப் பல்லால் கடிச்சுண்டே சொன்னா. "நீங்க எடுப்பேள்."

க்யூ நகர்ந்தது.