ஐந்தாம் பக்கத்தில் ஒரு சைபர்

திசையன்விளை,
மார்ச் 2017

அன்புள்ள செந்தூர்பாண்டிக்கு ஐயம்பெருமாள் எழுதுவது. உன் வீட்டில் எல்லாரும் சுகம். உன் பாத்திரக்கடையைத் தங்கச்சி முத்துராணி ஒன்பது மணிக்கே திறந்துவிடுகிறாள். வெயில்தான் இப்போதே மண்டையைப் பிளக்கிறது.

நீ வணிகர் மாநாட்டுக்குப் போனதிலிருந்து பஜாரில் உன் பேச்சுத்தான். “செந்தூர்பாண்டி அண்ணாச்சி மெட்ராஸ்ல மைக்கைப் பிடிச்சா அதிகாரிமாரு கதி அம்புட்டுதான் வே!” என்று என்னிடமே சொல்கிறார்கள். எனக்கு வயிறு எரிகிறதப்பா, வேறென்ன?

நாடு முழுக்க ஒரே வரி என்று பேச்சு கிளம்பிய நாளிலிருந்து பத்திரிகைகளை வெட்டி ஒட்டி, ஆடிட்டர் வாசலில் கால்கடுக்க நின்று, நம் தரப்பை எழுதியவன் நான். சங்கக் கூட்டத்தில் தலைவர் என்ன சொன்னார்? “எழுதுனது ஐயம்பெருமாளா இருக்கட்டும். பேசுததுக்கு செந்தூர்பாண்டிதான் லாயக்கு. இவருக்கு நாலு பேரைக் கண்டா நாக்கு ஒட்டிக்கிடும்” என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். நீயும் சிரித்தாய். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அன்று உனக்குப் படி எடுத்துத் தந்தேனே, அதில் ஐந்தாம் பக்கத்தைப் பார். ஆண்டுக்கு இரண்டு லட்சத்துக்கு வியாபாரம் செய்கிற பெட்டிக்கடைக்காரன்கூட இந்த வரிக்குள் வந்துவிடுவான் என்று இருக்கும். அது பொய். இருபது லட்சம் என்பதுதான் சரி. ஒரு சைபரை வேண்டுமென்றே விட்டேன். நீ அதை முழங்க வேண்டும், மேடையிலேயே ஓர் அதிகாரி உன்னைத் திருத்த வேண்டும், சபை கொல்லென்று சிரிக்க வேண்டும், அதை நான் டி.வி.யில் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். நான் எழுதியதை நீ சரிபார்க்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். நம்புகிறவன் நீ.

நீ போனபின் மனசு கேட்காமல், இதைச் சொல்லிவிடலாம் என்று மூன்று முறை போன் செய்தேன். “சொல்லுலே, சாப்ட்டியா?” என்று நீ கேட்டதும் மழுப்பிவிட்டேன். அதனால்தான் மாநாட்டுக்கு வர இன்று ரயிலேறும் சிவசண்முகத்திடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நாளை மேடை ஏறும் முன் அந்த எண்ணைத் திருத்திக்கொள்.

பொறாமை போய்விட்டது என்று எழுதினால் அதுவும் பொய்தான். நீ கைதட்டு வாங்குவாய், எனக்கு எரியத்தான் செய்யும். இருந்தாலும் நன்றாகப் பேசு. நம் கடைகளுக்காகப் பேசு.

ஊர் திரும்பும் அன்று பஸ்ஸை விட்டு இறங்கியதும், எப்போதும்போல் முதலில் என் கடைக்கு வா. திட்டுவதானாலும் அங்கேயே வந்து திட்டு.

இப்படிக்கு,
ஐயம்பெருமாள்